வெள்ளையம்மாவின் குரல்

பட்டியலில் தன் பெயர் இல்லை என்பது மெஹராஜுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அதற்குள் திண்டுக்கல் பேகம்பூர் முழுக்கப் பரவியிருந்தது. காலையில் பால் ஊற்ற வந்தவர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "விடுங்கம்மா, நமக்குன்னு இருந்தா எங்க போயிரும்" என்றார். மெஹராஜுக்கு விளங்கவில்லை. பாலில்தான் ஏதோ கோளாறு, அதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு கரண்டி காய்ச்சிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அந்த மனிதர் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மகள் ஷாஹினா எழுந்து வந்து விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாளே போனில் பார்த்துவிட்டாளாம். அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று விட்டுவைத்தாளாம்.

"சோளத்தட்டை" என்று ஒரு படம். குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில், மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற ஒரு குடும்பத்தின் கதை. அதில் வெள்ளையம்மா என்கிற குடியானவன் பெண்டாட்டியாக மெஹராஜ் நடித்திருந்தாள். படம் பார்த்து எழுதினவர்களில் பாதிப் பேர் "யார் இந்த அம்மா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்தப் படத்துக்குப் பொன்யாழ் விருதுப் பட்டியலில் நாலைந்து இடம் கிடைத்திருந்தது. இயக்கத்துக்கு, ஒளிப்பதிவுக்கு, வசனத்துக்கு. வெள்ளையம்மாவின் புருஷனாக வந்தவருக்குக்கூடக் கிடைத்திருந்தது. அந்த மனிதர் பாதிப் படத்துக்குக் கயிற்றுக் கட்டிலில் படுத்தே கிடந்தார். மெஹராஜ் பெயரைத்தான் காணோம்.

தெரு இளவட்டங்கள் அவசரப்பட்டு, 'எங்கள் தெருவின் பெருமை' என்று மெஹராஜ் படத்தைப் போட்டு ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். பட்டியல் வந்தால் அரை மணி நேரத்தில் கட்டிவிட வேண்டும் என்று முன்னேற்பாடு. இந்த ஊரில் பிள்ளை பிறக்கும் முன்னாலேயே காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்கள் உண்டு. இப்போது அதைக் கட்டவும் முடியாது, கிழிக்கவும் மனசு வராது. சுருட்டி எங்கேயோ வைத்துவிட்டார்கள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கெடக்கு விடு" என்று மகளிடம் சொல்லிவிட்டு மெஹராஜ் அடுப்படிக்குப் போனாள். வாய்தான் அப்படிச் சொன்னது. அந்தப் பட்டியலில் தன் பெயர் வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், ரொம்பவே ஆசைப்பட்டாள். காரணம் அவள் புருஷன் கிதர் முகம்மது. "எழுதி வச்சுக்க, உம் பேரு வரும்" என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் சொன்னார், கறிக்கடையில் சொன்னார், தொழுகை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் நின்றும் சொன்னார். சொன்னவர் இன்றைக்கு இல்லை. சொன்ன சொல்லாவது நிற்கட்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

கிதர் முகம்மது பண்டாரி. கல்யாணம், காதுகுத்து, கந்தூரி எதுவானாலும் சீரகச் சம்பாவில் பிரியாணி தம் போடக் கூப்பிடுவார்கள். "சோளத்தட்டை" படக்குழுவுக்கு மூன்று வேளைச் சமையலும் அவர்தான். அரைப்புக்கும் அளவுக்கும் மெஹராஜும் கூடப் போயிருந்தாள். வெள்ளையம்மாவாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்த நடிகைக்கு அந்தக் காட்டு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டாம் நாளே கார் ஏறிவிட்டார். இயக்குநர் ஈஸ்வர் வடமதுரைக்காரன், முதல் படம், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து லைட் ஆட்கள் மிச்சச் சோற்றை வேலியோரம் கொட்ட, மெஹராஜ் அவர்களைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வர் எழுந்து நின்று அதைக் கேட்டான். பிறகு நேராகக் கிதர் முகம்மதுவிடம் போய், இந்த அம்மா நடிப்பார்களா என்று கேட்டான்.

மெஹராஜ் சிரித்துவிட்டாள். ஆனால் கிதர் முகம்மது சிரிக்கவில்லை. "வீட்டுல பேசாததையா பேசச் சொல்றாக? போயிப் பேசு" என்றார். அவள் வசனம் பேசுகிற நேரமெல்லாம் அடுப்பிலிருந்த தேக்சாவை ஆளிடம் விட்டுவிட்டு வந்து, கேமராவுக்குப் பின்னால் கரண்டியோடு நிற்பார். சோறு ரெண்டு நாள் குழைந்தே போனது. யாரும் குறை சொல்லவில்லை.

ஊரில் பேச்சு வந்தது. வராமல் இருக்குமா, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நம்ம வீட்டுப் பெண் பொட்டு வைத்துத் தாலி கட்டிக்கொண்டு சினிமாவில் நிற்பதாவது என்று ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்து, "பொட்டு வச்சது வெள்ளையம்மாப்பா. மெஹராஜ் எங்க வச்சா?" என்றார் கிதர் முகம்மது. வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆனி மாதம் ஒருநாள் கிதர் முகம்மது தூக்கத்திலேயே போய்விட்டார். நோய் நொடி என்று ஒன்றும் இல்லை. முந்தின நாள் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கல்யாணச் சமையலை முடித்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டு வந்து படுத்த மனிதர்.

மெஹராஜ் இத்தா இருந்தாள். புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டோடு இருக்க வேண்டும். நகை நட்டு, நல்ல துணி கிடையாது. அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அவள் அதை ஊருக்காக இருக்கவில்லை. முப்பது வருஷம் ஒன்றாக இருந்த மனிதனுக்கு இதைக்கூடச் செய்யாமல் எப்படி என்றுதான் இருந்தாள்.

படத்துக்குக் குரல் பதிவு வைத்த நேரமும் அதுவாகப் போனது. காட்டில் எடுத்தபோது காற்றும் ஜெனரேட்டரும் போட்ட சத்தத்தில் பேசினது ஒன்றும் தேறவில்லை. எல்லோரும் திரும்ப ஒருமுறை சென்னையில் பேச வேண்டும். ஈஸ்வர் ஷாஹினாவுக்குப் போன் போட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான். காத்திருக்கலாம் என்றால் தயாரிப்பாளர் விடவில்லை. தீபாவளிக்குப் பெரிய படங்கள் இறங்கிவிட்டால் இந்தப் படத்துக்கு ஒரு தியேட்டர் கொடுக்க ஆள் இருக்காது. மைக்கை வீட்டுக்கே கொண்டுவந்து, ஷாஹினாவே பதிந்துகொள்ளட்டுமா என்றும் கேட்டான். ஷாஹினா போனை நீட்ட, மெஹராஜ் உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் சொன்னாள். "இத்தாவுல உக்காந்துக்கிட்டு சினிமா வசனம் பேசுனா ஊரு என்ன சொல்லும்கிறது கெடக்கட்டும். எனக்கே நல்லா இல்ல தம்பி. வேற யாரையாச்சும் பேச வச்சுக்கங்க."

அந்த 'வேற யாரோ' சௌந்தர்யா என்கிற சென்னைப் பெண். கார்ட்டூன் படங்களுக்கும் சோப்பு விளம்பரங்களுக்கும் குரல் கொடுக்கிறவள். திண்டுக்கல் பேச்சு அவளுக்குத் தெரியாது. நல்ல பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற பிள்ளை. ஷாஹினாவிடம் நம்பர் வாங்கி மெஹராஜுக்கே போன் போட்டுவிட்டாள். அம்மா, இந்த இடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றே கேட்கவில்லை, காற்றடிக்கிறது, ஒரே ஒரு தடவை சொல்லுவீர்களா என்று கேட்டாள்.

மெஹராஜ் சொன்னாள். ஒரு வரிக்கு இன்னொரு வரி, இன்னொரு வரிக்குப் பிறகு ஒரு காட்சி, அப்படியே ஒரு வாரம் மதிய நேரங்களில் முழு வெள்ளையம்மாவையும் போனில் பேசிக் கொடுத்துவிட்டாள். எங்கே மூச்சு விடுவது, எங்கே பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது, கோபம் வந்தால் ஏன் சத்தம் குறைய வேண்டும் எல்லாவற்றையும் சொன்னாள். இத்தாவில் சினிமா பேசுவதாவது என்று சொன்ன அதே வாய்தான். கேட்டால், அது சினிமா இல்லை, ஒரு பெண் பிள்ளைக்கு வேலை சொல்லிக் கொடுத்தது என்பாள். வாசலில் வந்து வழி கேட்டவளுக்கு வழி சொல்லாமல் அனுப்ப இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டில் காட்சி. புருஷன் செத்துக் கிடப்பது தெரியாமல் வெள்ளையம்மா அவனை எழுப்புகிற இடம். "அத நீயே பேசிக்கம்மா" என்று போனை வைத்துவிட்டாள்.

படம் வந்தபோது அவள் தியேட்டருக்குப் போகவில்லை. இத்தா முடிந்த பிறகு வீட்டு டிவியில்தான் பார்த்தாள். தன் முகம், தன் கை, தன் நடை. வாயைத் திறந்தால் வேறொருத்தி. சௌந்தர்யா நன்றாகத்தான் பேசியிருந்தாள், சொல்லிக் கொடுத்ததில் ஒரு மூச்சுகூடத் தவறவில்லை. இருந்தாலும் மெஹராஜுக்கு ஒரு மாதிரி இருந்தது. தன் சேலையை வேறொருத்தி கட்டிக்கொண்டு எதிரே வருவதைப் பார்ப்பது போல இருந்தது.

விஷயம் தெரிந்த அன்று மதியம் ஈஸ்வர் வடமதுரையிலிருந்து பைக்கில் வந்துவிட்டான். தனக்குப் பரிந்துரை வந்ததற்கு வாழ்த்து வாங்குகிற முகம் இல்லை அது. விருதுக் குழுவில் ஒருவரைப் பிடித்துக் கேட்டுவிட்டு வந்திருந்தான். நடிப்புக்கான விருது சொந்தக் குரலில் பேசினவர்களுக்கு மட்டும்தானாம். விதியிலேயே இருக்கிறதாம். வெள்ளையம்மாவைப் பார்த்துக் குழுவில் கண் கலங்கினவர்கள்கூட, பேர் வேண்டாம் என்று தாண்டிப் போய்விட்டார்களாம்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பட்டியலின் கடைசியில் 'சிறந்த குரல்' என்று ஒரு பிரிவு. சௌந்தர்யா, வெள்ளையம்மாவுக்காக. ஷாஹினா அதை வாசித்துவிட்டுப் போனைப் படுக்கையில் எறிந்தாள். "நீ சொல்லிக் குடுத்து அவ வாங்குறா. ஏம்மா, உனக்கு இருக்கிற கூறுக்கு ஒரு அளவே இல்லையா?" என்றாள். சாமி வரம் கொடுத்தும் பூசாரி வரம் கொடுக்காத கதையாகப் போயிற்றே என்றுதான் மெஹராஜ் நினைத்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தது அவளுக்கு. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஈஸ்வர் ஒரு வழியோடு வந்திருந்தான். பொன்யாழைவிடப் பெரிய விருது ஒன்று இருக்கிறது. அதற்குப் படம் அனுப்ப மாசி கடைசி வரை நேரம் உண்டு. அங்கேயும் சொந்தக் குரல்தான் சட்டம். ஆனால் படத்தில் திருத்தம் செய்து அனுப்பலாம். வெள்ளையம்மாவின் பேச்சு முழுவதையும் மெஹராஜ் திரும்பப் பேசிவிட்டால், தடுக்க ஒரு விதியும் கிடையாது. "ஒரு வரிகூட அடுத்தவங்க குரல் இருக்கக் கூடாதும்மா. அம்புட்டுதான். நீங்க பேசிட்டா, உங்க பேர எவனும் தாண்டிப் போக முடியாது" என்றான்.

இத்தா முடிந்துவிட்டது. தடை ஒன்றும் இல்லை. மெஹராஜ், சென்னைக்கெல்லாம் வர மாட்டேன், இங்கேயே வைத்துக்கொண்டால் பேசுகிறேன் என்றாள்.

நாகல் நகரில் அந்தோணிராஜ் என்பவர் ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறார். ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற விளம்பரம், கோயில் திருவிழா அறிவிப்பு, சர்ச் பாட்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்பது எல்லாம் அங்கேதான். சுவர் பூராவும் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ரயில் போனால் மட்டும் எந்த அட்டைக்கும் அடங்காது. செத்த நேரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் மைக் நல்ல மைக் என்று ஈஸ்வர் சொன்னான்.

அன்றைக்குக் காலையில் சௌந்தர்யாவும் ரயிலில் வந்து இறங்கினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஈஸ்வர் சொல்லிக் கேள்விப்பட்டு அவளாகவே வந்துவிட்டாள். ஷாஹினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஹராஜ்தான், சாப்பிட்டாயா என்று கேட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியாப்பத்தைப் பிரித்து வைத்தாள். சௌந்தர்யா கையை நனைக்கும் முன்னாலேயே, அந்தப் பட்டியலில் இருப்பது தன் பெயர் இல்லை, மெஹராஜ் அம்மாவின் பெயர்தான், விருது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"கிறுக்கா உனக்கு? ஒழச்சது நீயி. சாப்பிடு மொதல்ல" என்றாள் மெஹராஜ்.

வேலை ஆரம்பித்ததும்தான் சௌந்தர்யா வந்தது எவ்வளவு நல்லது என்று தெரிந்தது. நடித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. திரையில் தன் வாய் அசைவது மெஹராஜுக்கே பிடிபடவில்லை. அவள் பேச ஆரம்பிக்கும்போது வெள்ளையம்மா பேசி முடித்திருப்பாள். சௌந்தர்யா பக்கத்தில் நின்று தோளைத் தொடுவாள், அப்போது ஆரம்பிக்க வேண்டும். எந்த வரியில் எங்கே நிறுத்தினோம் என்று மெஹராஜ் மறந்திருந்தாள். சௌந்தர்யா ஒன்றையும் மறக்கவில்லை. "அம்மா, அன்னைக்கு போன்ல இந்த எடத்துல கொஞ்சம் சிரிச்சீங்க. சிரிச்சுட்டுதான் திட்டுனீங்க" என்று எடுத்துக் கொடுப்பாள். மெஹராஜ் கொடுத்ததெல்லாம் ஒன்று குறையாமல் திரும்பி வந்தது.

"எம் பேச்ச எனக்கே சொல்லித் தாரியா நீ" என்று மெஹராஜ் சிரித்தாள். மதியத்துக்குள் ஷாஹினாகூட முகத்தைத் திருப்பிவிட்டாள், சௌந்தர்யா பக்கமாக.

ரெண்டாம் நாள் சாயங்காலம் மிச்சம் இருந்தது கட்டில் காட்சி மட்டும்தான். ஈஸ்வர் கடைசிக்கு என்று வைத்திருந்தான். படம் பார்த்தவர்கள் எல்லோரும் பேசுகிற காட்சி அது. வெள்ளையம்மா சொம்பில் தண்ணீரோடு வருகிறாள். புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். "எந்திரிங்க. நேரமாச்சுல்ல" என்கிறாள். பதில் இல்லை. இன்னொரு தடவை அதையே சொல்கிறாள், சத்தத்தைக் குறைத்து. பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துகொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பேச்சு என்று பார்த்தால் அந்த ஒரு வரிதான், ரெண்டு தடவை.

அந்தோணிராஜ் ஓட விட்டார். திரையில் வெள்ளையம்மா வாயைத் திறந்தாள். சௌந்தர்யா தோளைத் தொட்டாள். மெஹராஜ் பேசவில்லை.

கவனம் தப்பிவிட்டது என்று நினைத்துத் திரும்ப ஓட விட்டார்கள். திரும்பவும் பேசவில்லை. ஒரு ரயில் போனது. அது போய் முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போன பிறகு மூன்றாவது தடவை ஓட விட்டபோது, வெள்ளையம்மா வருவதற்கு முன்னாலேயே மெஹராஜ் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டாள்.

களைத்துப் போயிருப்பார்கள், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான் ஈஸ்வர். நாளைக்கும் வராது தம்பி என்றாள் மெஹராஜ். இந்தக் காட்சியைச் சௌந்தர்யா பேசினபடியே விட்டுவிடுங்கள் என்றாள். ஈஸ்வருக்கு முகம் செத்துவிட்டது. ஒரு வரி அடுத்தவர் குரலில் இருந்தாலும் ரெண்டு நாள் பேசினது அத்தனையும் வீண். விதி அப்படி.

அப்போதுதான் அந்தோணிராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இதற்கு ஏன் சங்கடப்பட வேண்டும் என்றார். ரெண்டு நாளாக அம்மா பேசினது மணிக்கணக்கில் இருக்கிறது. அந்தக் குரலைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, இந்த வரியை எழுதிக் கொடுத்தால் அதுவே பேசிவிடும். அம்மா வாயே திறக்க வேண்டாம். போன மாதம் தொண்டை கட்டின ஒரு வேட்பாளருக்கு இப்படித்தான் செய்து கொடுத்தாராம், கட்சிக்காரர்களுக்கே வித்தியாசம் தெரியவில்லையாம். சொல்லிக்கொண்டே தட்டிவிட்டார். நிமிஷத்தில் அது பேசியது.

"எந்திரிங்க. நேரமாச்சுல்ல."

மெஹராஜின் குரல்தான். அவள் இழுக்கிற இழுப்பு, அவள் முடிக்கிற முடிப்பு. ஷாஹினா வாயில் கை வைத்துக்கொண்டாள். ஈஸ்வர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். இந்த ஒரு வரி யாருக்கும் தெரியப் போவதில்லை, குரல் அவர்களுடையதுதானே, இதில் பொய் என்ன இருக்கிறது என்று படபடவென்று பேசினான். அவன் கெட்டவன் இல்லை. அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் வர வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டான்.

"அத அழிச்சிருங்கண்ணே" என்றாள் மெஹராஜ். அந்தோணிராஜ் ஈஸ்வரைப் பார்த்தார். "அவரப் பாக்காதீங்க. அழிங்க."

அவர் அழித்தார்.

மெஹராஜ் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு சொன்னாள். "தம்பி, அன்னைக்கு நீங்க எழுதிக் குடுத்தது ஒரு பக்கத்துக்கு ஒப்பாரி. ஞாபகம் இருக்கா? எனக்கு அழுக வரல. கட்டில்ல நடிச்ச மனுசன் தூங்குற மாதிரித்தான் கெடந்தாரு. அதுனால வீட்டுல தெனம் எங்க வீட்டுக்காரர எழுப்புறதச் சொல்லிட்டேன். நீங்களும் நல்லா இருக்குன்னு வச்சுக்கிட்டீங்க."

ஈஸ்வர் தலையை ஆட்டினான்.

"ஆனி மாசம் அன்னைக்கு விடியக்காலம் சுபுஹு தொழுகைக்கு அவர எழுப்பப் போனேன். இதேதான் சொன்னேன். ரெண்டு தடவ. ரெண்டாந்தடவ சொல்றப்பவே, படத்துல பண்ண மாதிரியே இருக்கேன்னு மனசுல ஓடுச்சு. கட்டுன புருசன் மையத்தாக் கெடக்காரு, எனக்குப் படம் ஓடுது. அந்தப் பாவத்த எங்க கொண்டு போயி எறக்குவேன்னு நாலு மாசம் உக்காந்து யோசிச்சேன். முப்பது வருசம் அவருக்குச் சொன்ன பேச்சு அது. ஒருக்கா படத்துக்குக் குடுத்துட்டேன். இன்னொருக்கா குடுக்க மாட்டேன். நானும் குடுக்க மாட்டேன், எங்குரல வச்சு அந்த மெசினும் குடுக்கக் கூடாது."

சௌந்தர்யா அழுதுகொண்டிருந்தாள். மெஹராஜ் அவளைப் பார்த்து, நீ பேசினதை ஒரு தடவை போடச் சொல் என்றாள். போட்டார்கள். அந்த ஒரு வரியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகப் பேசினது. வேறு யாரோ ஒருத்தி, வேறு யாரோ ஒரு மனிதனை எழுப்பிக்கொண்டிருந்தாள். மெஹராஜ் கடைசி வரை கேட்டாள். "நல்லா இருக்கு. இதுவே இருக்கட்டும்" என்றாள்.

ஈஸ்வர் அதற்குப் பிறகு வாதாடவில்லை. மெஹராஜ் பேசினதெல்லாம் படத்தில் ஏறியது, கட்டில் காட்சி தவிர. விண்ணப்பத்தில் சொந்தக் குரலா என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று போன் போட்டுக் கேட்டான். நடந்ததை எழுதுங்கள் என்றாள். எழுதினான். அதை எழுதினால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதற்கு நடுவே பொன்யாழ் விழா நடந்தது. சௌந்தர்யாவுக்குத்தான் விருது. மேடையில் ஏறி மெஹராஜ் பெயரைச் சொல்லி, திண்டுக்கல்லில் இருக்கிற அந்த அம்மா பேசினதைத்தான் நான் பேசினேன் என்று சொன்னாளாம். டிவியில் போட்டபோது அந்த இடத்தில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்துவிட்டது. ஷாஹினா டிவியைத் திட்டினாள். மெஹராஜ், அந்த எண்ணெய் நன்றாக இருக்காது, வாங்கிவிடாதே என்றாள்.

பெரிய விருதின் பட்டியல் வைகாசியில் வந்தது. அதிலும் அவள் பெயர் இல்லை. இந்தத் தடவை யாரும் வந்து துக்கம் விசாரிக்கவில்லை. ஊருக்கு வேறு பேச்சு வந்துவிட்டது.

ஷாஹினாதான் ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் அவள், பிள்ளைகளைத் தேற்றுகிறவள். இன்றைக்கு அவளைத் தேற்ற ஆள் தேவைப்பட்டது. அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். விருது கூடப் போகட்டும், அத்தா ஊர் பூராவும் சொல்லிவிட்டுப் போனாரே, உன் பேர் வரும் என்று, அது பொய்யாகப் போய்விட்டதே என்று சொல்லி அழுதாள்.

மெஹராஜுக்கும் அதுதான் வலித்தது. அவள் மறைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையில் ஒட்டின அரிசியைப் பாத்திரத்துக்குள் உதறினாள்.

"வரலதான். நான் போறப்ப, ஏன் வரலன்னு உங்கத்தா கேப்பாரு. கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."